வேதமும் தூண்டிலும்: மண்டபம் மாலை வகுப்பைப் பற்றி ஒரு மதிப்புரை

இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கல்லூரிக்குப் போய் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள், அமெரிக்க இலக்கியத் தாளின் தொடக்கத்திலேயே பியூரிட்டன்களை எதிர்கொள்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை விட்டு அட்லாண்டிக்கைக் கடந்துபோய் மாசசூசெட்ஸ் கரையில் குடியேறிய அந்தக் கிறித்தவர்களுக்குக் கடையில் விற்கும் கைடுகள் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கும். யார் மீட்படைவார் என்பதை இறைவன் முன்பே முடிவு செய்துவிட்டான் என்னும் முன்குறிப்புக் கொள்கை, இறைவனோடு செய்துகொண்ட உடன்படிக்கை, கடும் உழைப்பு, கண்டிப்பான ஒழுக்கம் என்று வரிசையாக எழுதியிருப்பதை மனப்பாடம் செய்து மாணவர்கள் மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த மனிதர்கள் விடிந்ததும் என்ன வேலைக்குப் போனார்கள், எதை விற்று எதை வாங்கினார்கள், யாருக்குக் கடன்பட்டார்கள் என்பது தெரியாமலேயே பட்டமும் பெற்றுவிடுகிறார்கள். மண்டபத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் நடக்கும் ஒரு சிறிய தனிப்பயிற்சி வகுப்பு இந்தக் குறையைத் தீர்க்க முனைந்திருக்கிறது. பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் என்ற முறையிலும், அங்கே படிக்கும் மாணவி ஒருத்தியின் பெரியப்பா என்ற முறையிலும் ஆசிரியரின் அனுமதியோடு பின்வரிசையில் உட்கார்ந்து இந்தப் பகுதி முழுவதையும் கேட்டேன். பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வகுப்பு நடப்பது ஒரு வீட்டின் மொட்டை மாடியில், கீற்றுக் கொட்டகையில். பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, மரைக்காயர்பட்டினம், பெரியபட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். கீழக்கரையிலிருந்து பேருந்தில் வருவோரும் உண்டு. பெரும்பாலோர் அவரவர் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் தலைமுறையினர். விசைப்படகில் வேலை செய்பவரின் மகன், கடற்பாசி எடுக்கப் போகும் தாயின் மகள், கருவாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகள் என்று எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் ஆங்கிலப் பாடத்தை வாசித்துக் காட்டி, தமிழில் விரித்துச் சொல்லி, பிறகு தேர்வுக்கு உரிய ஆங்கில விடையை மாணவர்களையே எழுத வைக்கிறார். மாதக் கட்டணம் 400 ரூபாய். கட்ட முடியாதவர்களிடம் அவர் வற்புறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வகுப்பின் சிறப்பு அது தொடங்கும் இடத்தில் இருக்கிறது. எல்லோரும் பியூரிட்டன்களின் நம்பிக்கைக்கு அடிப்படை வகுத்த சீர்திருத்தவாதி கால்வினின் இறையியலில் தொடங்கி, அது புரியாமல் போன பிறகு கதைக்கு வருவார்கள். இவர் பிழைப்பிலிருந்து தொடங்கி இறையியலுக்குப் போகிறார். முதல் நாள் கரும்பலகையில் இரண்டு ஆண்டுகளை மட்டும் எழுதினார்: 1620, 1630. முதலாவது, மேஃப்ளவர் கப்பலில் 102 பயணிகள் வந்து பிளிமத்தில் இறங்கிய ஆண்டு. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். இரண்டாவது, ஜான் வின்த்ராப்பின் தலைமையில் 11 கப்பல்கள் கொண்ட அணி மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்குப் புறப்பட்ட ஆண்டு. முன்னவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து முற்றிலும் பிரிந்துபோனவர்கள் என்பதையும், பின்னவர்கள் அந்தத் திருச்சபைக்குள் எஞ்சியிருந்த கத்தோலிக்கச் சடங்குகளையும் ஆயர்களின் அதிகாரத்தையும் களைந்து அதைச் சீர்திருத்த விரும்பியவர்கள் என்பதையும் கைடுகள் பெரும்பாலும் குழப்பிவிடுகின்றன. இவர் அந்த வேறுபாட்டை நிதானமாக நிலைநாட்டினார். முதலாம் சார்லஸ் மன்னரின் ஆட்சியும், 1633-இல் கேன்டர்பரி பேராயரான வில்லியம் லாடின் நெருக்கடியும் சேர்ந்து, 1630-க்கும் 1640-க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 பேரை நியூ இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தன. வர்ஜீனியாவுக்குப் போனவர்களில் தனியாகப் போன இளைஞர்களே மிகுதி. இவர்களோ மனைவி, மக்கள், வேலையாட்கள் என்று குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். அதனால்தான் இங்கே முதலில் எழுந்தவை ஊரும் கூட்ட மண்டபமும் பள்ளிக்கூடமும் என்று அவர் விளக்கியபோது, பின்னால் வரப்போகும் இறையியலுக்கு மண் பதப்பட்டுவிட்டது.

அடுத்து வந்தது மீன். நான் கேட்ட வகுப்புகளில் இதற்கு இணையாக உயிரோட்டமுள்ளது அரிது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நியூ இங்கிலாந்தின் மண் கல் நிறைந்தது; கோடைக்காலமும் குறுகியது. சோளமும் பீன்ஸும் பூசணியும் வயிற்றுக்குப் போதுமானவையாக இருந்தனவே தவிர, இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய துணிக்கும் இரும்புக்கும் விலையாகக் கொடுக்க அவற்றால் இயலவில்லை. 1630-களில் ஆண்டுதோறும் புதிய குடியேறிகள் கையில் காசோடு வந்து இறங்கியதால், ஏற்கெனவே வந்தவர்கள் அவர்களுக்கு மாடும் தானியமும் விற்றுப் பிழைத்தார்கள். இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே மோதல் மூண்டு, பியூரிட்டன்களுக்கு அங்கேயே நம்பிக்கை பிறந்ததும் கப்பல்கள் வருவது நின்றது. மாட்டின் விலை மளமளவென்று சரிந்தது. அப்போது அந்தக் குடியேற்றத்தைத் தூக்கி நிறுத்தியது காட் (cod) என்ற குளிர்கடல் மீன். மீன்பிடியை வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. மீன்பிடிக்கும் கலங்களுக்கும் அதற்கான முதலுக்கும் ஏழு ஆண்டுகள் வரிவிலக்கு என்றும், மீன்பிடிப் பருவத்தில் மீனவர்கள் படைப்பயிற்சிக்கு வரத் தேவையில்லை என்றும் 1639-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. படகுகளிலிருந்து கைத்தூண்டிலை ஆழத்தில் இறக்கி ஒவ்வொன்றாக இழுத்தெடுத்த மீன் அது.

பிடித்த மீனை என்ன செய்தார்கள் என்று ஆசிரியர் விவரிக்கத் தொடங்கினார். தலையை வெட்டி, குடலை எடுத்து, முதுகெலும்பை நீக்கி, விரித்து, உப்பிட்டுச் சில நாள் அடுக்கி வைத்து, கழுவி, மரச் சட்டங்களின் மேல் குச்சிகளைப் பரப்பி அமைத்த பந்தல்களில் காயப் போட்டார்கள் என்றார். பகலில் சதைப்பக்கம் மேலே இருக்கும். இரவிலும் மழையிலும் தோல்பக்கம் மேலே வரும்படி புரட்டிவிடுவார்கள். அந்தக் கடலில் எத்தனையோ மீன்கள் இருக்க, காட் மட்டும் ஏன் உலகச் சந்தைக்குப் போயிற்று என்று அவர் கேட்டு நிறுத்தியபோது, பாம்பனிலிருந்து வரும் ஒரு பெண் சட்டென்று, "அதுல கொழுப்பு இருக்காது போல சார். எங்கம்மா சாளையக் காயப் போட்டா எண்ணெ கக்கி, பத்து நாள்ல காறல் அடிக்கும். சதை மெலிஞ்ச மீனுதான் நாள் தாங்கும்" என்றாள். அதுதான் சரியான விடை. காட் மீனின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு; ஆகவேதான் உப்பிட்டுக் காய்ந்த பிறகு மாதக்கணக்கில் கெடாமல் கடல் கடந்து போயிற்று. ஆசிரியர் அவளையே எழுந்து நின்று மற்றவர்களுக்கு விளக்கச் சொன்னார். அந்தப் பெண் அதுவரை வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கல்லூரித் தேர்வுக்கு உரிய ஓர் அலகில் தன் தாயின் கைவேலை விடையாக அமையும் என்பதை அவளுக்கு வேறு எந்த வகுப்பும் காட்டியிருக்காது.

அந்த உப்பு மீன் போன இடங்களைச் சொன்னபோது வகுப்பு இன்னும் ஆழமாகப் போயிற்று. தரமான மீன் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போயிற்று. அங்கே கத்தோலிக்கர்கள் தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி தவிர்த்து மீன் உண்டார்கள். தவக்காலத்தையே வேதத்தில் இல்லாத மனிதக் கட்டளை என்று தள்ளிய பியூரிட்டன்களின் வருவாய், அதே தவக்காலத்தைக் கடைப்பிடித்தவர்களின் அடுப்படியிலிருந்து வந்தது. உடைந்ததும் காய்ச்சலில் கெட்டதுமான கழிவு மீன் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போய், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களுக்கு உணவாயிற்று. இந்த இரண்டாவது செய்தியை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிட்டார். இது என் முதல் வருத்தம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மீனுக்குப் பிறகு விலைக்கு வந்தார். பியூரிட்டன் என்றால் உழைத்துப் பணம் சேர்த்தவன் என்று மட்டும் படித்த பிள்ளைகளுக்கு ராபர்ட் கெய்னின் வழக்கு வியப்பாகத்தான் இருந்திருக்கும். அவர் பாஸ்டன் நகர வணிகர். இங்கிலாந்திலிருந்து சரக்கு வரவழைத்து விற்றவர். ஆணி, கடிவாளம், பொன் பொத்தான் போன்றவற்றை அநியாய விலைக்கு விற்றார் என்று 1639-இல் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. நீதிமன்றம் 200 பவுன் அபராதம் விதித்துப் பிறகு அதைக் குறைத்தது. திருச்சபையும் அவரைக் கண்டித்தது. சபைக்கு முன் அவர் தம் பேராசையைக் கண்ணீரோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வழக்கையொட்டிப் போதகர் ஜான் காட்டன் வணிகருக்கு வகுத்த நெறிகளை வின்த்ராப் தம் குறிப்பேட்டில் பதிந்து வைத்திருக்கிறார். முடிந்த மட்டும் அதிக விலைக்கு விற்கலாம், முடிந்த மட்டும் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்பது தவறான கொள்கை. கடலில் ஒரு பகுதிச் சரக்கை இழந்தவர், எஞ்சியதன் விலையை ஏற்றி அந்த இழப்பை ஈடுகட்டுவதும் தவறு; ஏனென்றால் அந்த இழப்பு இறைவன் அவர்மேல் வைத்தது, அதை அவர் பிறர்மேல் தள்ளக் கூடாது. பண்டமே ஊரெங்கும் அரிதாகிவிட்டால் விலை ஏறலாம், அப்போது இறைவனின் கை விழுந்திருப்பது பண்டத்தின்மேல். பிறருடைய அறியாமையையோ அவசரத் தேவையையோ பயன்படுத்தி இலாபம் பார்ப்பதற்கு எந்த நிலையிலும் இடமில்லை.

இதை ஆசிரியர் தமிழில் படித்துக் காட்டிவிட்டு, ஏலக் கூடத்தில் விலை வைப்பவர்களையும், முன்பணம் கொடுத்துவிட்டுக் கரை சேரும் மீனைத் தாம் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்பவர்களையும் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். அரை மணி நேரம் வாதம் நடந்தது. படகு உடைந்தால், வலை போனால், டீசல் விலை ஏறினால் அந்த இழப்பு யார் தலையில் விழ வேண்டும் என்பதைச் சம்மாட்டி என்னும் படகு உரிமையாளர் வீட்டுப் பையனும் கூலிப் பங்குக்குப் போகும் வீட்டுப் பையனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். வாதத்தின் முடிவில் ஆசிரியர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஜான் காட்டனின் நெறிகளில் எது நடைமுறையில் நிற்கும், எது நிற்காது என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார். முன்குறிப்புக் கொள்கையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலேயே, இறைவன் எல்லா நிகழ்ச்சிகளையும் ஆள்கிறான் என்ற நம்பிக்கை ஒரு மூட்டை ஆணியின் விலை வரை எப்படி இறங்கி வந்தது என்பதை அந்த வகுப்பு காட்டிவிட்டது. அபராதத்தை மறக்காத கெய்ன் 1653-இல் தொடங்கி மிக நீண்ட ஓர் உயில் எழுதித் தம்மைத் தற்காத்துக்கொண்டதும், அதே உயிலில் பாஸ்டனுக்கு ஒரு நகர மண்டபம் கட்டப் பணம் விட்டுச் சென்றதும் பிள்ளைகளை நெடுநேரம் பேச வைத்த செய்திகள்.

இதன் பிறகுதான் கால்வின் வந்தார். யார் மீட்படைவார், யார் மாட்டார் என்பதை இறைவன் படைப்புக்கு முன்பே முடிவு செய்துவிட்டான். மனிதனின் நற்செயலால் அதை மாற்ற முடியாது. அப்படியானால் ஒருவன் ஏன் ஒழுக்கமாக வாழ வேண்டும் என்பது எல்லா மாணவரும் கேட்கும் கேள்வி. ஒழுக்கமான வாழ்வு மீட்பை வாங்கித் தராது, ஆனால் அருள் தன்னுள் வேலை செய்கிறதா என்று ஒருவன் தன்னையே சோதித்துக்கொள்ளும் இடம் அந்த வாழ்வுதான் என்று ஆசிரியர் விடை சொன்னார். நாட்குறிப்பு எழுதும் பழக்கமும், இரவில் தன் மனத்தைத் தானே விசாரிக்கும் பழக்கமும் அந்த மக்களிடம் ஊறிப்போனது அதனால்தான். தன் உள்ளத்தில் அருள் வேலை செய்த விதத்தைச் சபைக்கு முன் எடுத்துச் சொல்லி ஏற்பு பெற்றவரே சபையின் முழு உறுப்பினர் என்பதும், 1631 முதல் மாசசூசெட்ஸில் சபை உறுப்பினரான ஆண்களுக்கே வாக்குரிமை என்பதும் சேர்ந்தபோது, உள்மனத்தின் அனுபவம் ஊராட்சியின் கதவாகவே ஆகிவிட்டது. பிள்ளைகளின் தலைமுறையில் அத்தகைய அனுபவத்தைச் சொல்ல முன்வருவோர் குறைந்ததால் 1662-இல், அத்தகைய அனுபவம் சொல்லாதவர்களின் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் பாதி உடன்படிக்கை என்ற ஏற்பாட்டுக்கு அவர்கள் இறங்கிவர நேர்ந்ததையும் ஆசிரியர் விட்டுவிடவில்லை.

எல்லோரும் வேதத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்பதால் கல்விக்கு அவர்கள் கொடுத்த இடமும் நன்றாகச் சொல்லப்பட்டது. குடியேறி ஆறே ஆண்டுகளில், 1636-இல், பின்னாளில் ஹார்வர்டு எனப் பெயர் பெற்ற கல்லூரிக்குப் பணம் ஒதுக்கினார்கள். 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும் என்று 1647-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. வேதத்தை மறைத்து வைப்பது சாத்தானின் பழைய தந்திரம் என்பதே அந்தச் சட்டத்தின் முகவுரை சொன்ன காரணம். ஓய்வுநாள் ஒழுங்கைப் பேசும்போது, அவர்களுக்கு அது சனிக்கிழமை சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும் என்று ஆசிரியர் சொல்ல, கீழக்கரை மாணவர் ஒருவர் தங்கள் வீட்டிலும் நாள் மாலையில்தான் பிறக்கிறது என்றார். ஞாயிறன்று கடலுக்குப் போகாத குடும்பங்களின் பிள்ளைகள் அந்த ஒழுங்கின் பொருளாதார விலையைப் பற்றிப் பேசினார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் சட்டம் போட்டு, 1681 வரை அதை வைத்திருந்தார்கள் என்பதைத் தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் நம்பவே மறுத்தார்கள்.

எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த பக்தர்கள் அல்லர் என்பதையும் இந்த வகுப்பு சரியாகவே காட்டியது. மார்பிள்ஹெட் போன்ற மீன்பிடி ஊர்களில் சபையின் பிடி தளர்வாகவே இருந்தது. அங்கிருந்த மீனவர்கள் படகுக்கும் உப்புக்கும் உணவுக்கும் வணிகரிடம் கடன் வாங்கி, பருவ முடிவில் மீனாகத் திருப்பிச் செலுத்தி, கணக்கு நேராகாமல் மறு ஆண்டும் அவரிடமே போனார்கள். வடகிழக்குக் கரையோரத்து ஊர் ஒன்றில் ஒரு போதகர், சமயத்துக்காகவே நாம் இந்தக் காட்டுக்கு வந்தோம் என்று சொன்னபோது, ஐயா, நாங்கள் வந்தது மீன் பிடிக்க என்று கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து சொன்ன கதையைப் பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் 1702-இல் வெளியான தம் சமய வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தக் கதையை ஆசிரியர் சொன்ன மாலையில் மாடியே சிரித்தது. பக்தியை மறுத்தவரின் சொல்லும் பக்தரின் நூலிலேயே பதிவாகியிருப்பது வரலாறு படிக்கும் பிள்ளைகள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி என்பதால், அவர் அதைச் சிரிப்போடு விட்டுவிடாமல் இன்னும் கொஞ்சம் தொடர்ந்திருக்கலாம்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும், அந்த மண்ணின் பழங்குடி மக்களுக்கும் அடிமைகளுக்கும் இந்த வகுப்பில் கிடைத்த நேரம் போதாது. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் கடற்கரைப் பழங்குடியினர் பெருமளவில் மாண்டதும், பிளிமத் எழுந்தது அவ்வாறு ஆளற்றுப் போன பாட்டக்செட் என்ற ஊரின் நிலத்தில் என்பதும் சொல்லப்பட்டன. அந்த ஊரைச் சேர்ந்த டிஸ்குவாண்டம், ஆங்கிலேயரால் கடத்தப்பட்டு ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்து தம் ஊரே அழிந்திருக்கக் கண்டவர். அவர்தான் வந்தேறிகளுக்குச் சோளம் விதைக்கவும் குழியில் மீனை உரமாக இடவும் கற்றுக் கொடுத்தார். இவ்வளவும் நன்று. ஆனால் 1637 மே மாதம் மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீக்வாட் மக்களின் கோட்டையைத் தீயிட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துக் கொன்றது சில நிமிடங்களில் முடிந்துபோயிற்று. சிறைப்பட்டவர்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்கு விற்கப்பட்டதும், அந்த வழியில் போன டிசயர் என்ற கப்பல் 1638-இல் பருத்தி, புகையிலையோடு ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றித் திரும்பியதும் பேசப்படவே இல்லை. 1675-இல் மெட்டகாமின் தலைமையில் வாம்பனோவாக் மக்கள் எழுந்த போரும் ஒரு தேதியாக மட்டுமே வந்துபோனது. நம்பிக்கையைப் பிழைப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கற்றுத் தரும் வகுப்பு, கழிவு மீன் போய்ச் சேர்ந்த தோட்டம் வரைக்கும், வயல் யாருடைய நிலத்தில் உழப்பட்டது என்பது வரைக்கும் போயே ஆக வேண்டும். அநியாய விலைக்காக ஒரு வணிகரைக் கண்ணீர் விட வைத்த சபைகள் மனிதரை விற்பதைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது எப்படி என்பதுதான் இந்தப் பகுதியின் மிகக் கனமான கேள்வி. 1641-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டத் தொகுப்பு, நியாயமான போரில் பிடிபட்டவர்களையும் விற்கப்பட்டு வந்தவர்களையும் அடிமையாக வைத்திருக்க இடம் கொடுத்தது. அதையும், 1700-இல் நீதிபதி சாமுவேல் சூவல் அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதியதையும் அடுத்தடுத்து வைத்து ஒரு மாலை முழுவதும் பேசினால், பிள்ளைகள் தாமாகவே எழுதக்கூடிய விடைகள் கைடுகளில் இருப்பதைவிட எவ்வளவோ உயர்ந்து நிற்கும். ஆசிரியரிடம் நேரிலும் இதைச் சொன்னேன். அடுத்த தொகுதியில் இதற்குத் தனி வகுப்பு வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊர். 1692-இல் தொடங்கிய சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டதையும், கைல்ஸ் கோரி என்ற முதியவர் கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டதையும் இரண்டு மாலைகள் விரித்துச் சொன்னார். தேர்வில் அடிக்கடி வரும் பகுதி என்பது உண்மைதான். ஆனாலும் 1637-இல் ஆன் ஹட்சின்சன் என்ற பெண், போதகர்களோடு இறையியல் வாதம் செய்ததற்காக விசாரிக்கப்பட்டு மறு ஆண்டு வெளியேற்றப்பட்டதும், 1660-இல் மேரி டயர் குவேக்கர் என்ற வேறொரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்ததற்காகப் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டதும் சேலத்துக்குக் குறையாத இடத்துக்கு உரியவை. தமக்கு வழிபாட்டு உரிமை தேடி வந்தவர்கள் பிறருக்கு அதைத் தர மறுத்ததையும், அதை எதிர்த்த ரோஜர் வில்லியம்ஸ் விரட்டப்பட்டு 1636-இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவியதையும் இந்தப் பெண்களின் வழியாகச் சொன்னால் இன்னும் நன்றாகப் பதியும். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்.

நம் பக்கத்துத் தொடர்புகளை ஆசிரியர் கையாண்ட விதம் அளவாக இருந்தது. 1649-இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார்; கனெக்டிகட்டில் பியூரிட்டன் மரபுப் போதகர்கள் 1701-இல் நிறுவிய பள்ளிக்கு அவர் அனுப்பிய 417 புத்தகங்களும், 562 பவுனுக்கு விற்ற சரக்குப் பொதிகளும்தான் அதற்கு 1718-இல் யேல் என்ற பெயரை வாங்கித் தந்தன. அந்தப் பியூரிட்டன்களின் வழிவந்த சபைகள் 1810-இல் அமைத்த அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்தில் கால் ஊன்றி, 1834-இல் பாக்குநீரிணையைத் தாண்டி மதுரைக்கு வந்தது. பசுமலையும் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அந்த வழியில் வந்தவை. நம் பிள்ளைகளில் சிலர் மேற்படிப்புக்குப் போகும் இடமும் அதுவே. சேலம் வழக்குகள் நடந்து முடிந்துகொண்டிருந்த 1693 பிப்ரவரியில்தான் கிழவன் சேதுபதியின் ஆட்சிக்குட்பட்ட ஓரியூரில் அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்டார் என்பதையும் ஒரு மாணவர் எடுத்துச் சொன்னார். ஆசிரியர் அதைப் பாராட்டிவிட்டு, காலம் ஒன்றாக இருப்பதால் காரணம் ஒன்றாகிவிடாது என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்காகவே அவரை ஒரு நல்ல வரலாற்று ஆசிரியராக மதிக்கிறேன்.

அச்சிட்டுத் தரும் குறிப்புகள் வகுப்பின் தரத்துக்கு ஈடாக இல்லை. நகல் மங்கலாக இருக்கிறது. பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் பிழைகள் மலிந்திருக்கின்றன. ஜான் காட்டனும் காட்டன் மேதரும் ஓர் இடத்தில் ஒரே ஆளாகிவிட்டார்கள். பின்னவர் முன்னவரின் பேரன் என்பது வகுப்பில் சொல்லப்பட்டாலும், குறிப்பை மட்டும் நம்பும் பிள்ளை தேர்வில் தடுமாறும். ஒரு வரைபடமாவது சேர்க்க வேண்டும். பாஸ்டன், பிளிமத், சேலம், மார்பிள்ஹெட் ஆகியவை ஒரே விரிகுடாவை ஒட்டி எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்தாலே பாதிப் பாடம் விளங்கிவிடும். கொட்டகையில் இரண்டு மின்விசிறிகள்தான். மின்சாரம் போனால் கடற்காற்றை நம்ப வேண்டியதுதான். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாததால் முழங்கால் வலியுள்ளவர்கள் ஏற முடியாது. வகுப்பு முடிந்து இரவில் வேதாளைப் பக்கம் போகும் பெண்பிள்ளைகளுக்குத் துணையாக ஓர் அக்காவை அனுப்பி வைக்கிறார்கள். பெற்றோர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆங்கில இலக்கியம் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வரலாறு முதன்மைப் பாடமாக உள்ளவர்களும் இந்தப் பகுதிக்கு மட்டும் வந்து உட்காரலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வந்து சேர்ந்து, கேள்வி பதில் மட்டும் வாங்கிப் போக நினைப்பவர்களுக்கு இங்கே எதுவும் கிடைக்காது. கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குள் போகும் அந்த வாரங்களையொட்டிப் புதிய தொகுதி தொடங்குகிறது. மாடியில் இடம் குறைவு. சேர நினைப்பவர்கள் மே மாதத்திலேயே போய்ப் பெயர் கொடுத்து வைப்பது நல்லது.